ஃப்ளோரன்ஸும் உழவர்கரையும்: துணிக் காசில் எழும்பிய கோயில்கள்

ரினைசான்ஸ் ஓவியம்னு சொன்னா நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வர்றது மோனாலிசா. கூடவே மைக்கேல் ஆஞ்சலோ, ரஃபேல்னு ரெண்டு மூணு பேர். எனக்கு அந்தப் படங்களைவிட அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குப் புத்தகங்கள் மேலதான் மோகம். யார் காசு கொடுத்தது? எதுக்காகக் கொடுத்தாங்க? சுவத்துல யார் முகத்தை எழுதச் சொன்னாங்க, யார் முகத்தை விட்டாங்க? இந்தக் கேள்விகளோட இத்தாலியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க உழவர்கரை ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க :)

முதலில் ஃப்ளோரன்ஸ். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊருக்கு ராஜா கிடையாது. ஊருக்குச் சோறு போட்டது ரெண்டு தொழில்: கம்பளித் துணி, வட்டிக்கடை. ஆட்சி 'கில்டு' எனப்படும் தொழில் குழுக்களின் கையில் இருந்தது. நம்ம ஊர் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் மாதிரி வணிகக் குழுக்கள்தான், ஆனால் அரசாங்கத்தையே நடத்தின குழுக்கள். 1401இல் ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய ஒரு போட்டி வைத்தார்கள். கிபெர்டி ஜெயித்தார், புருனெல்லெஸ்கி தோற்றார். கலை வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் இந்தக் கதை இருக்கும். போட்டியை நடத்தினது துணி வியாபாரிகளின் கில்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓர்சான்மிக்கேலே என்று ஒரு கட்டடம். பழைய தானியச் சந்தை. அதன் வெளிச்சுவர் மாடங்களில் ஒவ்வொரு கில்டும் தன் காவல் புனிதருக்குச் சிலை வைத்தது. லினன் துணிக்காரர்களுக்கு தொனாத்தெல்லோ செய்த மாற்கு, வட்டிக்கடைக்காரர்களுக்கு கிபெர்டி செய்த மத்தேயு. கல்தச்சர்கள், மரத்தச்சர்கள் கில்டு என்ன பண்ணினது தெரியுமா? தங்கள் புனிதர்கள் நாலு பேருக்கும் சிலை வைத்ததோடு, அதன் அடியிலேயே தச்சர்கள் கல் செதுக்குகிற காட்சியையும் செதுக்கி வைத்தது. வேலை செய்தவன் தன்னையே பதிவு செய்துகொண்ட இடம்.

ஆனா ஒரு கூட்டத்துக்கு அங்கே மாடமே கிடையாது. கம்பளியைச் சிக்கெடுத்து, அடித்து, சீவுகிற கூலியாட்கள். 'சியோம்பி'னு பேரு. அவங்களுக்கு கில்டு வைக்க உரிமையில்லை. 1378இல் கலகம் பண்ணி, அரசாங்கத்தையே பிடித்து, தங்களுக்கும் கில்டு வாங்கினார்கள். 1382க்குள் எல்லாம் பறிபோனது. அதுக்கு முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் அந்த அழகான சிலைகள் மாடத்துக்கு வந்தன. சிலைகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கணும் என்பது என் கட்சி.

மெதிச்சி குடும்பம் எல்லாருக்கும் தெரியும். 1397இல் வங்கி ஆரம்பித்தார்கள். 1433இல் கோசிமோ மெதிச்சியை எதிர்க்கட்சி நாடு கடத்தியது. 1434இல் திரும்பி வந்து, பதவி எதையும் பெரிசாக வைத்துக்கொள்ளாமலே ஊரை ஆண்டார். அவர் மாளிகையின் சிற்றாலயத்தில் 1459இல் கொட்சோலி என்ற ஓவியர் சுவர் முழுக்க ஓர் ஊர்வலம் எழுதினார். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ஞானிகள் போகிறார்கள். பின்னாலே வருகிற கூட்டத்தை உற்றுப் பார்த்தால் கோசிமோ, அவர் மகன், பேரன், குடும்பத்துக்கு வேண்டிய மிலான் பிரபு மகன் எல்லாரும் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் வருகிறார்கள். ஞானிகள் சாக்கு. யார் யாரோடு கூட்டு, யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் சமாச்சாரம். கூட்டத்துக்குள்ளே கொட்சோலி தன்னையும் எழுதி, தொப்பியில் தன் பெயரையும் போட்டுக்கொண்டார். கில்லாடி!

சரி, இப்போ புதுச்சேரிக்கு வருவோம்.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியும் துணியில் பிழைத்த ஊர்தான். நெசவாளர் நெய்த துணியை பிரெஞ்சுக் கம்பெனி கப்பலேற்றியது. நீலத்தில் தோய்த்த துணி ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. கம்பெனிக்கும் நெசவாளருக்கும் நடுவில் இருந்தவர் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பேருக்கு அர்த்தம். தரகு, கடன், நியாயம், உளவு எல்லாம் அவர் வழியாகத்தான். பெரிய துபாஷி என்றால் தமிழ் ஜனங்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. பல்லக்கு, விருது, மரியாதை எல்லாம் உண்டு. எங்க ஊர் மெதிச்சி என்று சொல்லலாம். ஒரு பெரிய வித்தியாசத்தோடு. அதைப் பின்னால் சொல்றேன்.

1724 வாக்கிலிருந்து 1746 வரைக்கும் அந்த இடத்தில் இருந்தவர் கனகராய முதலியார். கிறிஸ்தவர். அவருடைய மகன் 1739இல் இறந்துபோனார். 1745இல் முதலியார் உழவர்கரையில் ஒரு கோயில் கட்டினார். ரெட்டியார்பாளையம் புனித அந்திரேயா ஆலயம் என்று இன்னிக்கு பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அதன் வேர் அங்கேதான். விழுப்புரம் ரோட்டில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்குத் தெரியாது.

கோயில் கட்டினதும் ஒரு விருந்து வைத்தார் பாருங்க, அதுதான் சேதி. இந்த விருந்தை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, அப்பாவோடு புதுச்சேரிக்கு வந்து, வியாபாரத்தில் வளர்ந்தவர். 1736 செப்டம்பரிலிருந்து நாட்குறிப்பு எழுதினார். ஊர் வம்பு, கப்பல் வரவு, பட்டாள சமாச்சாரம், துணி விலை, ஜோசியம்னு ஒண்ணையும் விடலை. 1745இல் அவர் இன்னும் பெரிய துபாஷி ஆகவில்லை. முதலியாருக்கு அடுத்து அந்த இடம் யாருக்கு என்கிற கணக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அதனால் போட்டியாளர் எழுதின குறிப்பு என்று நினைவில் வைத்துக்கொண்டே படிக்கணும்.

அவர் சொல்கிறபடி, பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், வாணியர்னு பல சாதிக்காரர்களையும், கிறிஸ்தவர்களையும், ஐரோப்பியர்களையும் முதலியார் உழவர்கரைக்கு அழைத்தார். பிராமணர்களுக்கு பிராமணச் சமையல்காரர்களை வைத்துத் தனிச் சமையல். மற்றவர்களுக்கு அவரவர் ஆசாரத்துக்கு ஒத்த இடத்தில் ஏற்பாடு. வெள்ளைக்காரர்களுக்குப் புதுச்சேரியிலேயே சமைத்து இங்கே கொண்டுவந்து மேஜை போட்டுப் பரிமாறல். கவர்னர் துய்ப்ளெக்ஸ், அவர் மனைவி, ஆலோசனைச் சபைக்காரர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்பினார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, கிறிஸ்தவக் கோயில் விழாவுக்கு இப்படிச் சாதி ஆசாரப்படி விருந்து வைத்தது அந்த மதத்துக்கே ஒத்துவருமா என்கிற தொனியில் ஒரு குத்தலும் வைக்கிறார் பிள்ளை. பொறாமையா, நியாயமான கேள்வியா? ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்.

இதைப் படித்ததும் எனக்கு கொட்சோலியின் சுவர்தான் கண்ணுக்கு முன்னாடி வந்தது. அங்கே ஞானிகள் சாக்கு, இங்கே அந்திரேயர் சாக்கு. கவர்னர் என் வாசலுக்கு வருகிறார் பார், பிராமணர் முதல் வாணியர் வரை என் பந்திக்கு வருகிறார்கள் பார் என்று ஊருக்குக் காட்டுகிற ஊர்வலம். நமக்குச் சுவரோவியம் கிடைக்கவில்லை, அதே காட்சி ஒரு போட்டியாளரின் நாட்குறிப்பில் எழுத்தாகக் கிடைத்திருக்கிறது. ஓவியருக்காவது கூலி கொடுத்து நமக்கு வேண்டியபடி எழுதச் சொல்லலாம். பிள்ளைவாளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அதனால குத்தலும் சேர்ந்தே வந்தது!

சும்மா சொல்லலை. ஃப்ளோரன்ஸில் எல்லாமே ஒப்பந்தம்தான். 1485இல் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் ஓர் அநாதை இல்லத்தின் கோயிலுக்குப் படம் எழுத ஒப்பந்தம் போட்டார். இதிலும் மூன்று ஞானிகள்தான் கதை. அவுன்சுக்கு நாலு ஃப்ளோரின் தரத்து நீலம்தான் போடணும்னு அதிலேயே எழுதியிருக்கு. மொத்தக் கூலி 115 ஃப்ளோரின். நீலத்தின் விலையைப் பார்த்தாலே கொடுத்தவரின் கெத்து தெரிஞ்சிடும். உழவர்கரையில் நீலத்துக்குப் பதில் பந்தி. யாருக்கு எங்கே இலை, யாருக்கு மேஜை.

பந்தி வரிசையை இன்னொரு தடவை பாருங்க. அந்தப் பட்டியலில் இல்லாதவர் யார்? இதே 1745 அக்டோபரில், அதாவது இந்த விருந்துக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளை இன்னொரு சம்பவம் எழுதுகிறார். புதுச்சேரி சர்ச்சுக்குள் ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. தலித் கிறிஸ்தவர்கள் (அவர் எழுதுவது பறையர் என்று) ஒரு பக்கம், மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் மறு பக்கம். தலித் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எதுக்கு இந்தச் சுவர்? சுவரை இடித்தார்கள். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்குப் போனார்கள். கனகராய முதலியார் குடும்பத்தாரும் அதில் உண்டு. ஊரில் எத்தனையோ கட்டடங்கள் எழும்பின காலம் அது. அந்தக் காலத்துச் சமூகத்தை அப்படியே காட்டுகிற கட்டடம் எதுன்னு கேட்டால் நான் அந்தக் குறுக்குச் சுவரைத்தான் சொல்வேன். அதைக் கட்டினவன் பேரும் இல்லை, இடிக்கச் சொல்லிப் போனவர்கள் பேரும் இல்லை. சியோம்பிகள் ஞாபகம் வருதா?

இப்போ அந்த வித்தியாசத்துக்கு வர்றேன்.

கனகராய முதலியாருக்கு முன்னாடி அந்த இடத்தில் இருந்தவர்களில் ஒருவர் நைனியப்பப் பிள்ளை. ஆனந்தரங்கருக்கு உறவு. 1715இல் கம்பெனி கோயில் திருவிழாக்களுக்குக் கட்டுப்பாடு போட்டபோது, நெசவாளர்களும் மற்ற வேலைக்காரர்களும் வேலையை நிறுத்தி ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கம்பெனி இறங்கி வந்தது. கொஞ்ச நாளில், 1716இல், கலகத்தைத் தூண்டினார், கொடுங்கோன்மை செய்தார் என்று நைனியப்பரைப் பிடித்தார்கள். சவுக்கடி, சொத்துப் பறிமுதல், சிறை. 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சு வரை முறையிட்டு, தீர்ப்பு தப்பு என்று ரத்தானது. செத்தவர் திரும்பி வரவா போகிறார்? கோசிமோ ஒரே வருஷத்தில் திரும்பி வந்து ஊரை ஆண்டார். அது அவர் ஊர். ஓட்டு, கில்டு, கடன் பத்திரம் எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. நைனியப்பருக்கு நீதிமன்றமும் கம்பெனி, கோட்டையும் கம்பெனி, கப்பலும் கம்பெனி.

இந்த வித்தியாசம் ஒரு கோயில் விஷயத்தில் ரொம்ப வெளிச்சமாகத் தெரியும். வேதபுரீஸ்வரர் கோயில் அப்போது சேசு சபையாரின் சர்ச்சை ஒட்டி இருந்தது. அதை அப்புறப்படுத்தணும்னு அவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1701இல் அப்படியொரு பேச்சு வந்தபோது ஜனங்கள் திரண்டு, ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறோம் என்று கிளம்பினார்கள். பிரான்சுவா மர்த்தேன் கவர்னர். பின்வாங்கினார். நெசவாளர் போய்விட்டால் துணி ஏது, துணி இல்லாமல் கம்பெனி ஏது?

1748 செப்டம்பர். ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்திருக்கிறார். அந்தக் குழப்பத்துக்குள் கோயில் இடிக்கப்பட்டது. அப்போது பெரிய துபாஷி யார்? சாட்சாத் ஆனந்தரங்கப் பிள்ளை. 1747இல் பதவிக்கு வந்துவிட்டார். கோயில் பெரியவர்கள் அவரிடம் ஓடி வந்தார்கள். அவரால் நிறுத்த முடியவில்லை. அன்றைய குறிப்பைப் படித்தால் வயிறு கலங்கும். ஒரு வாய்ச் சொல்லால் எத்தனையோ பேர் விதியை மாற்றுகிற ஆள், விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு போக வழி கிடைக்குமா என்று பேசுகிற நிலைமை. பக்கத்திலிருந்த பள்ளிவாசலையும் இடிக்க உத்தரவு வந்தது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் நேரே கவர்னரிடம் போய், இடித்தால் ஒரு சிப்பாயும் இருக்க மாட்டான் என்கிற அர்த்தத்தில் சொன்னார். உத்தரவு நின்றது. இதுவும் பிள்ளையின் குறிப்பில்தான் இருக்கு.

இதை யாரும் மதக் கணக்காக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிகிற கணக்கு வேறு. முற்றுகை நேரத்தில் கவர்னருக்குத் தேவை சிப்பாய். நெசவாளர் இல்லை. கப்பலேற்றத் துணியும் வேண்டாம். ஏற்கெனவே பயந்து ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் 'போய்விடுவோம்' என்று சொன்னால் யாருக்கு நட்டம்? 1701இல் கோயிலைக் காப்பாற்றியது தறியை விட்டு எழுந்த ஜனங்கள். 1748இல் பள்ளிவாசலைக் காப்பாற்றியது துப்பாக்கியைக் கீழே வைக்கத் தயாராக இருந்த சிப்பாய்கள். ரெண்டு தடவையும் காப்பாற்றினவர்கள் கட்டிக் கொடுத்த பெரிய மனிதர்கள் இல்லை. பணக்காரப் புரவலரிடம் கட்ட வைக்கிற சக்தி இருந்தது, நிற்க வைக்கிற சக்தி இல்லை.

அப்போ பிள்ளையின் காசு எங்கே போனது? புலவர்களுக்குப் போனது. சீனிவாச கவி அவர் பேரில் 1752இல் 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்று சமஸ்கிருதத்தில் காவியம் பாடினார். தியாகராச தேசிகர் தமிழில் கோவை பாடினார். தெலுங்கிலும் ஒன்று உண்டு. வீட்டுக்கும் போனது. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிற அந்த மாளிகையைப் பார்த்திருப்பீங்க. கீழே செதுக்கின மரத் தூண்கள், நம்ம முற்றம். மேலே போனால் வெள்ளை வெளேரென்று பிரெஞ்சுத் தூண்கள். அவர் வாழ்க்கையே அந்த வீடுதான்னு சொல்லலாம். ஃப்ளோரன்ஸ் வியாபாரி தெருவுக்குச் சிலை வைத்தார், கோயில் முகப்பில் பெயர் போட்டார். ஜியோவன்னி ருச்செல்லாய் என்ற வியாபாரி சாந்தா மரியா நொவெல்லா கோயிலின் முகப்பில் தன் பெயரையும் 1470 என்ற வருஷத்தையும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். நம்மவர் புகழையெல்லாம் வீட்டுக்குள்ளேயும் பாட்டுக்குள்ளேயும் வைத்துக்கொண்டார். தெருவும் கோட்டையும் அவருடையது இல்லையே.

1756இல் பதவி போனது. 1761 ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். நாலே நாளில் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுந்தது. பிறகு அவர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அவ்வளவு சொத்து, விருது, ஜாகீர் எல்லாம் வைத்திருந்தவரின் நிலைத்த சொத்து அந்தத் தினசரிக் கணக்குதான். 1846இல் அதைக் கண்டெடுத்தார்கள். 1904இலிருந்து 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சானது. வேடிக்கை பாருங்க, ஃப்ளோரன்ஸிலும் இதே பழக்கம் இருந்தது. லூக்கா லாந்தூச்சி என்ற மருந்துக் கடைக்காரர் 1450இலிருந்து 1516 வரை ஊர் சேதிகளை எழுதி வைத்தார். அங்கே படமும் இருக்கு, நாட்குறிப்பும் இருக்கு, ரெண்டையும் ஒத்துப் பார்க்கலாம். நமக்கு நாட்குறிப்பை வைத்துத்தான் படத்தை மனசுக்குள் எழுதிக்கணும்.

கடற்கரைக்குப் போனால் இன்னொரு பாடம் நிற்கிறது. செஞ்சியை பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் பிடித்தார்கள். அங்கிருந்த கோயில் தூண்கள் பிறகு புதுச்சேரிக்கு வந்தன. 1870இல் துய்ப்ளெக்ஸுக்குச் சிலை வைத்தபோது செஞ்சிக் கற்களைப் பீடத்துக்குப் பயன்படுத்தினார்கள். இன்று அந்தத் தூண்களுக்கு நடுவில் நிற்பது காந்தி. துய்ப்ளெக்ஸ் பீச் ரோட்டின் தெற்குக் கோடிக்குப் போய்விட்டார். ஃப்ளோரன்ஸிலும் 1494இல் மெதிச்சிகளைத் துரத்தினதும், அவர்கள் வீட்டிலிருந்த தொனாத்தெல்லோவின் யூதித் சிலையைத் தூக்கிவந்து அரசு மாளிகை வாசலில் வைத்தார்கள். கல் அதே கல்தான், அதைச் சொந்தம் கொண்டாடுகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். செஞ்சியில் அந்தத் தூண்களைச் செதுக்கின தச்சர் யார் என்று மட்டும் எங்கேயும் எழுதியில்லை. கொட்சோலி மாதிரி ஒரு தொப்பி அவருக்குக் கிடைக்கவில்லை.

அதனால உங்க ஊர்ப் பக்கம் இருக்கிற பழைய கோயில், சர்ச், பள்ளிவாசல், சத்திரம் எதுவாக இருந்தாலும், அடுத்த தடவை போகும்போது கல்வெட்டில் இருக்கிற உபயதாரர் பெயரோடு நிறுத்திக்காதீங்க. காசு எந்தத் தொழிலில் வந்தது, அந்தத் தொழிலைச் செய்த ஆட்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், உள்ளே அவர்களுக்கு இடம் இருந்ததா என்று விசாரிச்சுப் பாருங்க. வயசானவங்க யாராவது கட்டாயம் சொல்வாங்க. தெரிஞ்சதை எழுதியும் வையுங்க. உழவர்கரைக்குப் பிள்ளை கிடைத்தார். எல்லா ஊருக்கும் அப்படி ஒருத்தர் கிடைக்கிறதில்லை.